கஷ்டகாலத்தில் வேதவசனத்தைப் பற்றிக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாதி, கடன், வேலை இழப்பு, வீட்டில் ஒரு மரணம் என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும்போது "வேதத்தை வாசியுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதை, எவ்வளவு, எப்படி வாசிப்பது என்று சொல்கிறவர்கள் குறைவு. விசுவாசிகள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். வசனங்கள் பெரும்பாலான தமிழ்ச் சபைகளில் புழங்கும் பழைய திருப்புதலிலிருந்து (1871-இன் பழைய மொழிபெயர்ப்பு) எடுத்தவை.

மனசு உடைந்து கிடக்கிறேன். எங்கிருந்து வாசிக்க ஆரம்பிப்பது?

சங்கீதத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஆதியாகமத்தில் தொடங்கி ஒரு வருடத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் அட்டவணையை இப்போது கையில் எடுக்க வேண்டாம். மொத்தம் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று அல்லது நான்கு வாசித்தால்தான் வருடத்துக்குள் முடியும். சாதாரண நாட்களிலேயே பலருக்கு லேவியராகமத்தில் நின்றுபோகிறது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிற ஒருவர் பத்து நாள் பின்தங்கிவிட்டால், வேதாகமத்தைப் பார்த்தாலே குற்ற உணர்வு வரும். ஆறுதலுக்காகத் திறந்த புத்தகம் இன்னொரு பாரமாகிவிடும்.

150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். எழுதினவர்களும் நெருக்கத்தில் இருந்தார்கள். முதலில் சின்னதாக எடுங்கள்: 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம், 130-ஆம் சங்கீதம் எட்டு வசனம். பிறகு உங்கள் நிலைமைக்குத் தக்கதாகப் போகலாம். ராத்திரி தூக்கம் வராமல் பயம் பிடித்தால் 4. செய்த தவறு குத்தினால் 32, 51. கூடப் பழகினவரே துரோகம் செய்திருந்தால் 55. "எனக்குச் சமமான மனுஷனும், என் வழிகாட்டியும், என் தோழனுமாகிய நீயே அவன்" என்கிற வரி அங்கேதான் இருக்கிறது. அநியாயம் செய்கிறவன் செழிக்கிறானே என்று வயிறு எரிந்தால் 73. வயதாகி, பிள்ளைகளும் தூரமாகிவிட்டால் 71.

அளவு ஒரு நேரத்துக்கு எட்டு முதல் பதினைந்து வசனம் போதும். அதையே காலையும் இரவும் வாசியுங்கள். ஒரு மாதம் கழித்து மாற்கு சுவிசேஷத்துக்குப் போங்கள். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. இயேசு துன்பப்படுகிறவர்களை எப்படி நடத்தினார் என்று பார்க்காமல் சங்கீதத்தோடு நின்றுவிடக் கூடாது.

வாசிக்கிறேன், ஆனால் மனதில் ஒட்டவில்லை. ஒரு சங்கீதத்தை எப்படி ஜெபமாக்குவது?

13-ஆம் சங்கீதத்தை வைத்தே பார்ப்போம். பதினைந்து நிமிடம், ஒரு பென்சில், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருந்தால் போதும். அறை இல்லாவிட்டால் மொட்டைமாடி.

முதலில் முழுவதையும் சத்தமாக வாசியுங்கள். கண்ணால் ஓட்டுவதற்கும் வாயால் சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சொல்லும்போது அவசரப்பட முடியாது. பிறகு மூன்று பகுதியாகக் கோடு போடுங்கள்.

1, 2 வசனங்கள் முறையீடு. "எதுவரைக்கும்" என்ற வார்த்தை நான்கு தடவை வருகிறது: எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர், எதுவரைக்கும் எனக்குள்ளேயே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பேன், எதுவரைக்கும் சத்துரு தன்னை உயர்த்துவான். ஒவ்வொன்றிலும் நிறுத்தி உங்கள் காரியத்தைச் சொல்லுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் இந்த டயாலிசிஸ்?" "எதுவரைக்கும் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பார்?" மூன்றாவது "எதுவரைக்கும்" முக்கியமானது. ராத்திரி இரண்டு மணிக்குத் தலைக்குள் சுழலுகிற கணக்குகளைத்தான் தாவீது அங்கே சொல்கிறார். அந்தக் கணக்கை அப்படியே தேவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

3, 4 வசனங்கள் விண்ணப்பம். "நீர் நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்... என் கண்களைத் தெளிவாக்கும்." இந்த இடத்தில் ஒரே ஒரு காரியத்தைத் திட்டமாகக் கேளுங்கள். "எல்லாம் சரியாக வேண்டும்" என்று கேட்காமல், "நாளைக்கு டாக்டர் சொல்வதைத் தாங்கும் மனசு வேண்டும்" என்று கேளுங்கள்.

5, 6 வசனங்கள் நம்பிக்கை. "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." கவனித்துப் பாருங்கள்: நாலாம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் சத்துரு ஓடிப்போனதாக ஒரு வரிகூட இல்லை. நிலைமை அப்படியே இருக்கிறது. கிருபையை நினைத்தார், அவ்வளவுதான். "கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால்" என்ற இடத்தில், முன்னே அவர் உங்களுக்குச் செய்த ஒரு நன்மையைச் சொல்லுங்கள். இன்றைக்கு ஒன்றும் நினைவுக்கு வராவிட்டால் சிலுவையைச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. சிலர் முதல் நான்கு வசனங்களைத் தாண்டி நேராகத் துதிக்குப் போய்விடுகிறார்கள். வாய் துதிக்கும், பாரம் உள்ளேயே கிடக்கும். வேறு சிலர் இரண்டாம் வசனத்திலேயே தங்கிவிடுகிறார்கள். அழுகிற நாளிலும் ஆறாம் வசனம் வரை சத்தமாக வாசித்து முடியுங்கள், மனசு ஒத்துழைக்காவிட்டாலும். ஏழு நாள் இதே சங்கீதத்தோடு இருங்கள். நாளுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே போனால் ஒன்றும் தங்காது.

தேவனிடம் இப்படிக் குறை சொல்வது முறுமுறுப்பு ஆகாதா?

ஆகாது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களுக்குள்ளேயும் மோசேயிடமும் பேசினார்கள், எகிப்துக்குத் திரும்பவும் நினைத்தார்கள். சங்கீதக்காரர் அழுதுகொண்டே தேவனுடைய முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். இயேசுவே சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியால் கூப்பிட்டார். 88-ஆம் சங்கீதம் ஓர் ஆறுதல் வார்த்தையும் இல்லாமலே முடிகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார் தேவன். யோபு கடுமையாகப் பேசினார். கடைசியில் 42:7-இல் கர்த்தர் கோபித்துக்கொண்டது யோபுவின் சிநேகிதர்கள்மேல்.

புது வருட ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த வசனம் நிறைவேறவில்லை. தேவன் ஏமாற்றிவிட்டாரா?

இந்தக் கேள்வியைக் கேட்கவே பலர் பயப்படுகிறார்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த வசன அட்டையைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்து, அடுத்த டிசம்பர் வரைக்கும் காத்திருந்து, உள்ளுக்குள் நொறுங்கிப்போகிறவர்கள் உண்டு. அவர்களை விசுவாசம் இல்லாதவர்கள் என்று சொல்வது கொடுமை. பிரச்சினை அட்டையில் உள்ள வசனத்தை நாம் எடுத்துக்கொள்கிற விதத்தில் இருக்கிறது.

அதிகம் அச்சாகிற வசனம் எரேமியா 29:11. "உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது அதன் சாரம். அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். இது எருசலேமிலிருந்து எரேமியா எழுதின கடிதம். கிமு 597-இல் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதினார். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற ஒரு தீர்க்கதரிசி எழும்பி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று ஆலயத்தில் நின்று அறிவித்தான். கேட்க இனிமையாக இருந்தது, பொய்யாக இருந்தது. எரேமியாவின் கடிதமோ, வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. பத்தாம் வசனம் காலத்தைச் சொல்கிறது: எழுபது வருஷம். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் பலர் திரும்பி வந்து எருசலேமைப் பார்த்திருக்க முடியாது.

அப்படியானால் அந்த வசனம் நமக்கு இல்லையா? இருக்கிறது. தம்முடைய ஜனம் தூர தேசத்தில், தோற்றுப்போன நிலையில் கிடக்கும்போதும் தேவனுடைய நினைவு அவர்கள்மேல் நன்மையாகவே இருந்தது. அந்தத் தேவன் மாறவில்லை. மார்ச் மாதத்துக்குள் விசா வரும் என்று மட்டும் அந்த வசனம் சொல்லவில்லை. நீண்ட காத்திருப்பில் வீடு கட்டி, தோட்டம் போட்டு, வாழ வேண்டியதை வாழச் சொல்கிறது. கஷ்டத்தில் இருக்கிறவருக்கு 11-ஆம் வசனத்தைவிட 5, 6, 7 வசனங்கள் அதிக உபயோகமானவை என்பது எங்கள் எண்ணம்.

அட்டையில் வந்த எந்த வசனத்தையும் மாட்டுவதற்கு முன்னால் முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். யாருக்குச் சொல்லப்பட்டது, எந்த நெருக்கத்தில், நிபந்தனை ஏதாவது உண்டா, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வசனத்தை முன்பின் இல்லாமல் பிடுங்கி எடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு மத்தேயு 4:6 போதும். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதிக்கும்படி இயேசுவிடம் சொன்ன சாத்தான் மேற்கோள் காட்டினது 91-ஆம் சங்கீதத்தை. இயேசு உபாகமம் 6:16-ஐக் கொண்டு, வேதத்தாலேயே பதில் சொன்னார். வசனத்தைத் தாயத்து மாதிரி கட்டிக்கொள்ளச் சொல்கிற எந்தப் போதனையையும் இந்த இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்றால் எனக்கு நடந்தது நல்லது என்று அர்த்தமா?

இல்லை. ரோமர் 8:28 தீமையை நன்மை என்று பெயர் மாற்றவில்லை. அதே அதிகாரத்தில் சிருஷ்டி தவிக்கிறது என்றும், ஆவியைப் பெற்ற நாமும் தவிக்கிறோம் என்றும் பவுல் எழுதுகிறார். 35-ஆம் வசனம் பசி, நிர்வாணம், பட்டயம் என்று துன்பங்களை அவற்றின் பெயராலேயே சொல்கிறது. அந்த "நன்மை" எது என்று 29-ஆம் வசனம் சொல்லிவிடுகிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. போன வேலையைவிட நல்ல வேலை கிடைக்கும் என்ற உறுதி அங்கே இல்லை. எந்த இழப்பும் உங்களைக் கிறிஸ்துவின் அன்பைவிட்டுப் பிரிக்காது என்ற உறுதி இருக்கிறது.

ஜெபித்தும் உபவாசித்தும் சுகம் கிடைக்கவில்லை. விசுவாசக் குறைவுதான் காரணம் என்கிறார்களே?

புதிய ஏற்பாட்டிலேயே எத்தனை பேர் சுகமாகாமல் இருந்தார்கள் என்று பாருங்கள். பவுல் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் கிடைத்தது, முள் போகவில்லை. தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்ததாக 2 தீமோத்தேயு 4:20-இல் எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பலவீனம், வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார். இவர்களில் யாருக்கு விசுவாசக் குறைவு?

எபிரெயர் 11-ஐ 34-ஆம் வசனத்தோடு நிறுத்திப் பிரசங்கிக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. 34-இல் விசுவாசத்தினாலே சிலர் பட்டயத்துக்குத் தப்பினார்கள். 37-இல் அதே விசுவாசத்தோடு வேறு சிலர் பட்டயத்தால் வெட்டப்பட்டு மரித்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நற்சாட்சிதான்.

"யார் செய்த பாவம்?" என்று தோண்டுகிறவர்களுக்கு யோவான் 9:3-இல் இயேசு சொன்னது போதும்: இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல. விசுவாசம் பலவீனமாகத்தான் இருக்கிறது என்று உங்களுக்கே தோன்றினால், மாற்கு 9:24-இல் உள்ள தகப்பனுடைய ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அரைகுறையான அந்த ஜெபத்துக்கு இயேசு பதில் கொடுத்தார்.

விசுவாசத்தோடு மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. ஏசாயா 38-இல் எசேக்கியா ராஜாவுக்கு ஆயுளில் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்த பிறகும், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார் தீர்க்கதரிசி. லூக்கா வைத்தியர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையே 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற மிஷனரிப் பெண் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினது. வேதத்தை நம்பினவர்கள் இங்கே மருத்துவமனையையும் தொடங்கினார்கள்.

இன்சுலினை நிறுத்தினால் சர்க்கரை ஏறி நினைவு தப்பும் நிலைக்குப் போகலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் முன்னைவிடக் கடுமையாக வலிப்பு வரலாம். காசநோய் மருந்தை இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் விட்டால், கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடலாம். பிறகு வீட்டில் மற்றவர்களுக்கும் அதுவே பரவலாம். சுகம் கிடைத்துவிட்டது என்று நம்புகிறீர்களா? லூக்கா 17:14-இல் பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு என்ன சொன்னார்? ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார். அந்தக் காலத்தில் பரிசோதிக்கிற பொறுப்பு ஆசாரியனுடையது. நீங்களும் டாக்டரிடம் போய்ப் பரிசோதித்து, அவர் குறைத்தால் குறையுங்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டே ஜெபியுங்கள். யாக்கோபு 5:14-இன்படி சபை மூப்பரை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை.

வாழவே பிடிக்கவில்லை. கிறிஸ்தவனுக்கு இப்படித் தோன்றலாமா?

எலியாவுக்குத் தோன்றியது. கர்மேலில் பெரிய ஜெயம் கிடைத்த கையோடு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். 1 இராஜாக்கள் 19-இல் தேவன் செய்தவற்றின் வரிசையைப் பாருங்கள். கண்டிக்கவில்லை. முதலில் தூங்கவிட்டார். தூதன் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தார். இரண்டாம் தரமும் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் பயணம், ஓரேபில் பேச்சு. கடைசியாகக் கூட இருக்க எலிசாவைக் கொடுத்தார். தூக்கம், சாப்பாடு, பேச்சு, துணை: உங்களுக்கும் இந்த வரிசையே பொருந்தும்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பு இல்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற எண்களில் இலவசமாகப் பேசலாம். இதை வெறும் பிசாசின் போராட்டம் என்று மட்டும் சொல்லி, டாக்டரிடம் போகாதபடி யாராவது தடுத்தால் அந்த ஆலோசனையைத் தள்ளிவிடுங்கள்.

வீட்டில் கணவர் அடிக்கிறார். "சகித்துக்கொண்டு ஜெபி" என்று வசனம் காட்டுகிறார்கள்.

வசனத்தை அப்படிக் காட்டுவது தவறு. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது சுவரோடு நிற்கவில்லை, தப்பி ஓடினார். கல்லெறிய வந்தபோது இயேசு மறைந்து போனார் (யோவான் 8:59). தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதிலின் வழியாக இறக்கிவிட்டார்கள். தப்பிப்போவது அவிசுவாசமாக இருந்திருந்தால் இவை வேதத்தில் எழுதப்பட்டிருக்காது. கிறிஸ்துவின் நாமத்தினிமித்தம் படுகிற பாடு வேறு, குடித்துவிட்டு அடிக்கிற அடி வேறு. மன்னிப்பதற்கும் திரும்ப அதே வீட்டுக்குள் போவதற்கும் சம்பந்தமில்லை. பத்திரமான இடத்துக்குப் போங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஒரே பையில் இருக்கட்டும். இந்தியாவில் பெண்கள் உதவி எண் 181.

கடன் தீர விதைக் காணிக்கை கொடுக்கலாமா?

கடன் வாங்கிக் காணிக்கை போட்டால் பல மடங்காகத் திரும்பும் என்று சொல்கிறவரிடம் 2 இராஜாக்கள் 4:1-7-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். கடன்கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்திருக்கிறான். விதவை எலிசாவிடம் ஓடுகிறாள். அவர் அவளிடம் காணிக்கை கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய். அற்புதம் நடந்த பிறகும் அவர் சொன்னது: எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள். எலிசாவுக்கு அதில் ஒரு பங்கும் போகவில்லை.

நீங்களும் அந்த வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு தாளில் யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுதுங்கள். வட்டி அதிகமான கடன் மேலே வரட்டும். விற்கக்கூடியது என்ன, செய்யத் தெரிந்த வேலை என்ன என்று எழுதுங்கள். அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டே ஜெபியுங்கள். வீட்டாருக்குத் தெரியாமல் மறைத்துவைத்த கடன்தான் பெரும்பாலும் குடும்பத்தை உடைக்கிறது. அதை இன்றைக்குச் சொல்லிவிடுங்கள்.

வசனத்தை மனப்பாடம் செய்வது எப்படி? வயதாகிவிட்டதே?

ஐ.சி.யு. வாசலிலும் ஸ்கேன் அறையிலும் புத்தகமும் இருக்காது, போனும் இருக்காது. மனதில் இருப்பதுதான் கூட வரும். துண்டு வசனம் இருபதைவிட முழுப் பகுதி ஒன்று மேல். 23-ஆம் சங்கீதம் ஆறு வசனம், 121-ஆம் சங்கீதம் எட்டு.

நாளுக்கு ஒரு வசனம். கையால் எழுதுங்கள். பத்துத் தடவை பார்த்துச் சொல்லி, ஐந்து தடவை மூடிவைத்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் வசனம் இருக்கிற இடத்தை (புத்தகம், அதிகாரம், வசன எண்) தொடக்கத்திலும் முடிவிலும் சேர்த்துச் சொன்னால் அதிகார எண் மறக்காது. மறுநாள் புது வசனத்துக்கு முன் பழையதைச் சொல்லுங்கள். முழுப் பகுதியும் வந்த பிறகு ஒரு வாரம் தினமும், ஒரு மாதம் வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை. இந்தத் திரும்பச் சொல்லுதலை விட்டுவிடுவதால்தான் மறக்கிறது, வயதால் மட்டும் அல்ல. நடுவில் மொழிபெயர்ப்பை மாற்றாதீர்கள். வார்த்தைகள் ஒன்றோடொன்று குழம்பும். ஞாயிறு பள்ளியில் படித்தது பாதி நினைவில் இருந்தால் அதையே புதுப்பியுங்கள், வேகமாக வரும்.

துக்க வீட்டில் என்ன வசனம் சொல்வது?

முதல் நாளில் வசனம் வேண்டாம். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அதுவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. தேவனுக்குப் பிடித்தமானவர் என்பதால் எடுத்துக்கொண்டார் என்று குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் சொல்லாதீர்கள். வேதத்தில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும்போது கண்ணீர் விட்டார். பக்கத்தில் உட்காருங்கள், காபி போட்டுக்கொடுங்கள், அடக்க ஆராதனைக்கு ஓட வேண்டிய வேலைகளைப் பாருங்கள்.

கூட்டம் கலைந்து, வீடு வெறிச்சோடிப்போகும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் திரும்பப் போங்கள். அப்போது, அவர்கள் கேட்டால், யோவான் 11-ஐயோ புலம்பல் 3-ஐயோ சேர்ந்து வாசியுங்கள். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்கிற வரிக்கு முன்னால் கசப்பும் எட்டியும் நிறைந்த இருபது வசனங்கள் இருக்கின்றன. அவற்றையும் விடாமல் வாசியுங்கள்.

வாசிக்கும்போது ஒன்றும் உணர முடியவில்லை. தொடர்ந்து வாசிக்க வேண்டுமா?

ஆம். அளவைக் குறைத்துக்கொண்டு நேரத்தை மாற்றாமல் வாசியுங்கள். 119-ஆம் சங்கீதம் இதற்கு ஏற்றது: 176 வசனம், எட்டெட்டாக 22 பகுதி, 22 நாள். சொல்ல உங்களிடம் வார்த்தை இல்லாத நாட்களில் அதன் வார்த்தைகளைக் கடன் வாங்கலாம். சபைக்குப் போவதையும் விடாதீர்கள். நீங்கள் பாட முடியாத பாட்டைப் பக்கத்தில் நிற்கிறவர் பாடட்டும், கேட்டுக்கொண்டு நில்லுங்கள்.

எந்த மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்வது?

தரங்கம்பாடியில் 1715-இல் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு முதல் பல திருத்தங்கள் வந்திருக்கின்றன. பாட்டும் ஜெபமும் கலந்து பழகினவர்களுக்கு 1871-இல் முழுமையாக வெளிவந்த பழைய திருப்புதலே வாயில் வரும். மனப்பாடத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு நடையில் எளிது. யோபு, எரேமியா, ரோமர் போன்ற கடினமான பகுதிகளுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

அம்மாவுக்குக் கண் தெரியவில்லை, படுக்கையில் இருக்கிறார். எப்படி உதவுவது?

ஒலி வேதாகமம் போனில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் நாள் முழுக்க ஓடவிடாதீர்கள். அரை மணி நேரத்தில் காது அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். காலையில் ஒரு சங்கீதம், இரவில் அதே சங்கீதம், வீட்டில் ஒருவருடைய குரலில். அவருக்குத் தெரிந்த வசனத்தில் பாதியில் நிறுத்துங்கள், மீதியை அவர் சொல்லட்டும். பேரப்பிள்ளைகள் வாசித்தால் இன்னும் நல்லது. உச்சரிப்புப் பிழையை அவரே திருத்துவார்.